லிஸ்ப் தொடக்கநிலைச் சிக்கல்களைத் தீர்ப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

லிஸ்ப் கற்கத் தொடங்குவோரில் பெரும்பாலானோர் முதல் வாரத்திலேயே அடைப்புக்குறிகளின் மீது பழி போட்டுவிடுகிறார்கள். தொடக்கநிலையாளர்களின் நிரல்களை நெடுங்காலமாகப் படித்துத் திருத்திவரும் எனக்கு, தடுமாற்றத்தின் வேர் வேறிடத்தில் இருப்பதாகவே தோன்றுகிறது. லிஸ்பில் நிரலும் பட்டியல்தான், தரவும் பட்டியல்தான். ஆகவே ஒரு பட்டியலைக் கண்டவுடன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வரவேண்டும். லிஸ்ப் இதை மதிப்பிடுமா, அப்படியே தரவாக விட்டுவைக்குமா? மதிப்பிட்டால் திரும்பி வரும் மதிப்பு எது? வந்த மதிப்பு புதிதாகக் கட்டப்பட்டதா, பழைய பட்டியலையே கலைத்து அடுக்கியதா? கீழே வரும் சிக்கல்கள் ஏறத்தாழ எல்லாமே இம்மூன்றில் ஒன்றைக் கேட்க மறந்ததால் வருபவை.

தொடங்கும் முன்

ஜான் மெக்கார்த்தி 1958இல் எம்ஐடியில் உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் இன்று ஒரே மொழியாக இல்லை. அது ஒரு மொழிக் குடும்பம். 1975இல் பிறந்த ஸ்கீம், 2007இல் வெளிவந்த கிளோஜர், ஈமாக்ஸ் என்னும் உரைத் தொகுப்பானுக்குள் இயங்கும் ஈமாக்ஸ் லிஸ்ப், 1994இல் அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சியின் தரநிலையைப் பெற்ற காமன் லிஸ்ப் ஆகியவை ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றின் நிரல் மற்றொன்றில் ஓடாது. செயற்கூற்றை வரையறுக்க ஸ்கீமில் டிஃபைன், காமன் லிஸ்பில் டிஃபன். வெற்றுப் பட்டியல் காமன் லிஸ்பில் பொய்யாகக் கருதப்படும். ஸ்கீமிலும் கிளோஜரிலும் அது மெய். எங்கோ படித்த எடுத்துக்காட்டு உங்கள் கணினியில் ஓட மறுத்தால், அது எந்தக் கிளைமொழியில் எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். பாதி நாள் உழைப்பு இதிலேயே மிச்சமாகும்.

இவ்வழிகாட்டி காமன் லிஸ்பைப் பற்றியது. பிழைச்செய்திகள் எஸ்பிசிஎல் என்னும் நிரல்பெயர்ப்பியில் வருபவை. மொழியின் சொந்தச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் இடவேண்டும். நீங்களே சூட்டும் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், எஸ்பிசிஎல் தடையின்றி ஏற்கும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் நீங்கள் இட்ட பெயர்கள் பிழைச்செய்தியில் பேரெழுத்தாக வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். லிஸ்ப் படிக்கும்போதே பெயர்களைப் பேரெழுத்தாக்கிக்கொள்கிறது. தமிழுக்கு அந்த வேறுபாடு இல்லாததால் தமிழ்ப் பெயர்கள் இட்டபடியே வரும்.

படி 1: பிழை வந்ததும் டிபக்கரைப் படியுங்கள்

ரெப்பிள் எனப்படும் உரையாடல் சாளரத்தில் பிழை ஒன்று நேர்ந்தால் எஸ்பிசிஎல் நின்றுவிடாமல், பிழையை ஆராய உதவும் டிபக்கருக்குள் நுழைகிறது. உடுக்குறியாக இருந்த தூண்டுகுறி 0] என மாறும். பலர் இதைக் கவனிக்காமல் அடுத்த கட்டளையை இட, அதுவும் பிழையாக, தூண்டுகுறி 0[2], 0[3] என வளர்ந்துகொண்டே போகும். ஒரு பிழைக்குள் இன்னொரு பிழை அடுக்கப்பட்டிருப்பதையே அந்த எண் சொல்கிறது. திரையில் மேலே சென்று, எண்ணிட்டுக் காட்டப்பட்டிருக்கும் தெரிவுகளைப் பாருங்கள். அபார்ட் என்று குறிக்கப்பட்ட வரிக்குரிய எண்ணை இட்டால் ஒரு மட்டம் வெளியே வந்துவிடலாம். வெளியேறும் முன் பேக்டிரேஸ் என்னும் கட்டளையை ஒருமுறை இட்டுப் பாருங்கள். எந்தச் செயற்கூறு எதை அழைத்துக்கொண்டிருந்தபோது பிழை வந்தது என்ற வரிசை முழுவதும் தெரியும்.

மாறிக்கு மதிப்பே கட்டப்படவில்லை என்ற செய்தி வந்தால், ஒன்று பெயரில் எழுத்துப்பிழை, அல்லது மேற்கோள் குறி விடுபட்டிருக்கிறது. செயற்கூறு வரையறுக்கப்படவில்லை என்றால், பட்டியலின் முதல் இடத்தில் லிஸ்ப் அறியாத ஒரு பெயர் நிற்கிறது. முறையற்ற செயற்கூறு அழைப்பு என்றால், முதல் இடத்தில் பெயரே இல்லாமல் எண்ணோ மற்றொரு பட்டியலோ இருக்கிறது. இந்த மூன்றையும் அடையாளம் காணத் தெரிந்தவருக்கு முதல் மாதத்தின் பிழைகளில் பெரும்பகுதி கண்முன்னே விளங்கிவிடும்.

எண்டர் விசையைத் தட்டிய பிறகு எதுவுமே நடக்காமல் சாளரம் வெறுமனே காத்திருந்தால், எங்கோ ஓர் அடைப்புக்குறியோ இரட்டை மேற்கோளோ மூடப்படவில்லை. குறிகளைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருப்பது வீண் வேலை. ஈமாக்ஸில் ஸ்லைம் போன்ற கருவியை நிறுவிக்கொண்டு, தானாக வரித்தள்ளல் செய்யவிடுங்கள். ஒரு வரி நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் தள்ளி நின்றால் அதற்கு முந்தைய வரியில்தான் குறி தவறியிருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் அடைப்புக்குறிகளைப் படிப்பதில்லை, வரித்தள்ளலைத்தான் படிக்கிறார்கள்.

படி 2: கட்டளையா, தரவா?

(1 2 3) என்று தட்டினால் பிழை; '(1 2 3) என்று தட்டினால் பட்டியல். முதல் உறுப்பைச் செயற்கூறாகவும் மற்றவற்றை அதற்குத் தரும் மதிப்புகளாகவும் கொள்வதே லிஸ்பின் பொதுவிதி. மேற்கோள் குறி இட்டால் அந்த விதி அங்கே நின்றுவிடும். அப்படி நிறுத்துவது முழுமையாக நிறுத்துவது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. '(1 (+ 2 3)) என்பதன் விடை (1 5) ஆகாது. உள்ளே இருக்கும் கூட்டலும் கணக்கிடப்படாமல் மூன்று உறுப்புப் பட்டியலாகவே கிடக்கும். உள்ளே கணக்கும் நடக்கவேண்டுமானால் (லிஸ்ட் 1 (+ 2 3)) என எழுதவேண்டும்.

காமன் லிஸ்பில் செயற்கூறுகளுக்கும் மாறிகளுக்கும் தனித்தனிப் பெயர்வெளிகள் உள்ளன. ஆகவே ஒரு செயற்கூற்றை மதிப்பாக எடுத்துத் தரும்போது (மேப்கார் #'அப்ஸ் '(-1 2 -3)) என #' குறியுடன் தரவேண்டும். மாறிக்குள் வந்து சேர்ந்த செயற்கூற்றை இயக்க (ஃபன்கால் செ 5) என எழுதவேண்டும். வெறுமனே (செ 5) என்றால், செ என்ற பெயரில் டிஃபன் செய்யப்பட்ட செயற்கூறு எங்கே என்று லிஸ்ப் கேட்கும். ஸ்கீமிலிருந்து வருபவர்கள் இங்கேதான் அடிக்கடி இடறுகிறார்கள்.

லெட் அமைப்பிலும் இதே கேள்விதான். (லெட் ((அ 1) (ஆ 2)) (+ அ ஆ)) என்பதில் வெளிப்புற அடைப்புக்குறி, இணைகளின் பட்டியலைச் சுற்றி நிற்கிறது. (லெட் (அ 1) ...) என்று எழுதினால் 1 என்பதையும் ஒரு மாறியாகக் கருதி லிஸ்ப் மறுத்துவிடும். ஆ என்பதன் மதிப்பு அ என்பதைச் சார்ந்திருந்தால் லெட்டுக்குப் பதில் உடுக்குறி சேர்ந்த லெட்* தேவை, ஏனெனில் லெட்டில் எல்லா மதிப்புகளும் கணக்கிடப்பட்ட பிறகே பெயர்கள் கட்டப்படுகின்றன. செயற்கூற்றுக்குள் லெட் இல்லாமலே செட்எஃப் கொண்டு புதுப் பெயருக்கு மதிப்பிடும் பழக்கத்தை உடனே விட்டுவிடுங்கள். அது பொதுவெளி மாறியாகிவிடும். நிரல் பெரிதானபின் எந்தச் செயற்கூறு அதை மாற்றியது என்று தேடித் தீராது.

படி 3: திரும்பி வருவது எது?

அச்சிடுவதும் மதிப்பைத் திருப்பித் தருவதும் வெவ்வேறு செயல்கள். (ஃபார்மட் டி ...) திரையில் எழுதிவிட்டு, வெற்றுப் பட்டியலையும் பொய்யையும் குறிக்கும் நில் என்ற மதிப்பையே திருப்பித் தருகிறது. விடைக்குக் கீழே நில் என்ற சொல் வந்து நிற்பதைப் பிழை என்று எண்ணாதீர்கள். ஆனால் அந்தச் செயற்கூற்றின் விடையை வேறொரு கூட்டலில் பயன்படுத்தினால், நில் ஓர் எண் அல்ல என்ற பிழை வரும். செயற்கூறு எப்போதும் தன் கடைசிக் கோவையின் மதிப்பையே தருகிறது. ஆகவே கணக்கிடும் செயற்கூறு கணக்கிடட்டும். அச்சிடும் வேலையை வெளியே வையுங்கள்.

இஃப் அமைப்பு மெய்யானால் ஒரு கோவை, பொய்யானால் ஒரு கோவை என்று மட்டுமே ஏற்கும். இரண்டு செயல்களைச் செய்யவேண்டுமெனில் புராக்என் கொண்டு கட்டுங்கள், அல்லது வென், காண்ட் ஆகியவற்றுக்கு மாறுங்கள்.

இனி தற்சுழற்சி, அதாவது ஒரு செயற்கூறு தன்னையே அழைப்பது. இதில் நிதானமாகச் செல்ல விரும்புகிறேன், ஏனெனில் லிஸ்பின் அழகும் தொடக்கநிலையாளரின் அச்சமும் இங்கேதான் சந்திக்கின்றன. ஒரு பட்டியலில் உள்ள எண்களைக் கூட்டவேண்டும். பலரும் முதலில் எழுதுவது இது:

(டிஃபன் மொத்தம் (ப)
  (+ (கார் ப) (மொத்தம் (குடர் ப))))

கார் பட்டியலின் முதல் உறுப்பைத் தருகிறது, குடர் எஞ்சியதைத் தருகிறது. 1950களின் ஐபிஎம் 704 கணினியில் ஒரு நினைவகச் சொல்லின் இரு பகுதிகளைக் குறித்த சுருக்கங்கள் இன்றுவரை இப்பெயர்களாக வாழ்கின்றன. இச்செயற்கூற்றை (மொத்தம் '(1 2 3)) என அழைத்தால், பட்டியல் முடிந்ததும் நில்லைக் கூட்ட முடியாது என்ற பிழையைத்தானே எதிர்பார்ப்போம்? வருவதோ, அடுக்கு நினைவகம் தீர்ந்துவிட்டது என்ற செய்தி. காரணம் இதுதான். கூட்டல் நடப்பதற்கு முன் அதன் இரு உறுப்புகளும் மதிப்பிடப்பட்டாக வேண்டும். நில்லின் காரும் நில், குடரும் நில் என்பது காமன் லிஸ்பின் விதி. எனவே பட்டியல் தீர்ந்த பிறகும் மொத்தம் நில்லை எடுத்துக்கொண்டு தன்னையே முடிவின்றி அழைக்கிறது. கூட்டல் குறிக்கு வேலை வரும் தருணமே வருவதில்லை. அடிப்படை நிலை இல்லாத தற்சுழற்சியின் கையெழுத்து இந்தச் செய்திதான். அதைக் கண்டவுடன் நினைவகத்தைக் கூட்டும் வழியைத் தேடாமல், நிற்கும் இடத்தை எழுதியிருக்கிறோமா என்று பாருங்கள்.

திருத்தும்போது பட்டியலுக்குள் பட்டியல் இருந்தாலும் கூட்டும்படி எழுதுவோம்:

(டிஃபன் மொத்தம் (ப)
  (காண்ட் ((நல் ப) 0)
          ((நம்பர்பி ப) ப)
          ((ஆட்டம் ப) 0)
          (டி (+ (மொத்தம் (கார் ப)) (மொத்தம் (குடர் ப))))))

நான்கு வரிகளும் நான்கு கேள்விகள்: எதுவுமே இல்லையா, எண்ணா, எண் அல்லாத தனி உறுப்பா, இல்லையேல் பட்டியலா? (மொத்தம் '(1 (2 3) (4 (5)))) என அழைத்தால் 15 வரும். வரிசை மிக முக்கியம். நில் தானும் ஓர் ஆட்டம் என்பதால், நல் என்ற வரியை மறந்தாலும் இக்கணக்கு சரியாகவே வந்துவிடும். ஆனால் உறுப்புகளை எண்ணும் செயற்கூற்றில் ஆட்டம் வரி 1 எனத் தந்தால், ஒவ்வொரு பட்டியலின் முடிவும் ஓர் உறுப்பாக எண்ணப்பட்டுவிடும். ஆகவே நல் சோதனையை எப்போதும் முதலில் எழுதும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

தற்சுழற்சி எப்படி ஓடுகிறது என்று மனத்தில் ஓட்டிப் பார்க்க முடியாதபோது (டிரேஸ் மொத்தம்) என்று இட்டுவிட்டு மீண்டும் அழையுங்கள். ஒவ்வோர் அழைப்பும் ஒரு படி உள்ளே தள்ளி, எண்ணுடன், எந்த மதிப்போடு நுழைந்தது, எந்த மதிப்போடு திரும்பியது என்று காட்டப்படும். திரும்பும் வரிகளை மேலிருந்து கீழாகப் பார்த்தால் விடை முதன்முதலில் தவறிய இடம் தெளிவாகத் தெரியும். முடித்தபின் (அன்டிரேஸ்) இட மறக்கவேண்டாம். தற்சுழற்சி புரியவில்லை என்று சொல்லும் எவருக்கும் நான் முதலில் தரும் கருவி இதுதான். விளக்கவுரைகளைவிட இந்தப் பத்து வரிகள் நன்றாகக் கற்பிக்கின்றன.

மிக நீண்ட பட்டியலுக்குச் சரியான தற்சுழற்சியும் அடுக்கைத் தீர்த்துவிடக்கூடும். எஸ்பிசிஎல் இயல்பாக ஒதுக்கும் அடுக்கு 2 மெகாபைட். செயற்கூற்றின் கடைசிச் செயலாக வரும் வால் அழைப்புகளுக்கு அடுக்கில் கூடுதல் இடம் தேவைப்படாது என்று ஸ்கீமின் தரநிலை உறுதி தருகிறது. காமன் லிஸ்பின் தரநிலை அப்படி உறுதி தருவதில்லை. ஒரே மட்டத்தில் நீளும் பட்டியலுக்கு டூலிஸ்ட், லூப், ரெட்யூஸ் ஆகியவற்றைக் கூச்சமின்றிப் பயன்படுத்துங்கள். தற்சுழற்சியை உள்ளே கிளைக்கும் தரவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 4: சமமா, ஒன்றேதானா?

ஒருவர் காட்டிய நிரலில் ஹாஷ் அட்டவணைக்குள் "வடக்கு" என்ற சரத்தைச் சாவியாக வைத்து மதிப்பிட்டிருந்தார். அடுத்த வரியிலேயே கெட்ஹாஷ் கொண்டு தேடினால் நில். அட்டவணையில் உறுப்பு இருக்கிறது என்று எண்ணிக்கை சொல்கிறது, தேடினாலோ இல்லை. காரணம், அட்டவணைகள் இயல்பாக ஈக்யூஎல் என்னும் ஒப்பீட்டையே பயன்படுத்துகின்றன. ஒரே எழுத்துகளைக் கொண்ட இரு சரங்கள் நினைவகத்தில் இரு வேறு பொருள்களாக இருந்தால் ஈக்யூஎல் அவற்றைச் சமம் என்று ஏற்காது. (மேக்-ஹாஷ்-டேபிள் :டெஸ்ட் 'ஈக்வல்) என்று அட்டவணையை உருவாக்கியதும் எல்லாம் சரியாயிற்று. மெம்பர், ஃபைண்ட், அசாக் ஆகியவற்றுக்கும் இதே இயல்புதான்: (மெம்பர் "தெற்கு" திசைகள் :டெஸ்ட் #'ஈக்வல்) என்று சொன்னால்தான் சரங்களைக் கண்டுபிடிக்கும்.

பெயர்களை ஒப்பிட ஈக்யூ, எண்கள் சமமா என்று பார்க்க = குறி, சரங்களுக்கும் பட்டியல்களுக்கும் ஈக்வல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். (= 3 3.0) மெய், (ஈக்யூஎல் 3 3.0) பொய், வகை வேறுபாட்டை ஈக்யூஎல் கணக்கில் கொள்கிறது. ஆங்கிலச் சிற்றெழுத்து, பேரெழுத்து வேறுபாட்டையும் புறக்கணிக்கவேண்டுமென்றால் ஈக்வல்பி இருக்கிறது. எண்களை ஒப்பிட ஈக்யூவை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்; சிறிய எண்களுக்குச் சரியாக வந்து, பெரிய எண்களில் கைவிட்டுவிடும். வகுத்தலில் (/ 7 2) என்பதற்கு 7/2 என்ற பின்னமே விடையாக வருவதும் பிழை அன்று. முழு எண் ஈவு வேண்டுமானால் ஃப்ளோர் அல்லது ட்ரங்கேட் தேவை.

படி 5: புதியதா, பழையதைக் கலைத்ததா?

இது சற்றுத் தாமதமாக வரும் சிக்கல், ஆனால் மிகவும் அலைக்கழிப்பது. (டிஃப்பாராமீட்டர் *எண்கள்* (லிஸ்ட் 3 1 2)) என்று வைத்துக்கொண்டு (சார்ட் *எண்கள்* #'<) என்று இட்டால் (1 2 3) எனச் சரியாக வருகிறது. பிறகு *எண்கள்* என்று கேட்டால் எஸ்பிசிஎல் (3) என்கிறது. மற்ற இரண்டும் எங்கே போயின? சார்ட், பட்டியலின் கண்ணிகளான கான்ஸ் செல்களையே பிரித்து வேறு வரிசையில் கோத்துவிட்டது. மாறியோ தான் முன்பு சுட்டிய செல்லையே, அதாவது 3 இருக்கும் செல்லையே, இன்னும் சுட்டிக்கொண்டிருக்கிறது. அது இப்போது வரிசையின் கடைசியில் இருக்கிறது. தீர்வு எளிது. விடையை மீண்டும் மாறிக்கே இடுங்கள்: (செட்எஃப் *எண்கள்* (சார்ட் *எண்கள்* #'<)). பழைய வரிசையும் வேண்டுமானால் (காப்பி-லிஸ்ட் *எண்கள்*) செய்து அதன் நகலை வரிசைப்படுத்துங்கள். என்ரிவர்ஸ், என்கான்க், டிலீட் ஆகியவையும் இதே இனம். டிலீட்டுக்கு ரிமூவ், என்ரிவர்ஸுக்கு ரிவர்ஸ், என்கான்குக்கு அபெண்ட் என்று தீங்கற்ற இணைகள் இருக்கின்றன. தொடக்கத்தில் அவற்றையே பயன்படுத்துவது நல்லது.

இதனோடு மேற்கோள் குறியும் சேர்ந்தால் இன்னும் விசித்திரமாகும்:

(டிஃபன் தொடங்கு (ப)
  (லெட் ((முடிவு '(0)))
    (என்கான்க் முடிவு ப)))

(தொடங்கு (லிஸ்ட் 1)) என முதலில் அழைத்தால் (0 1). அடுத்து (தொடங்கு (லிஸ்ட் 2)) என அழைத்தால் (0 2) வராமல் (0 1 2) வரக்கூடும். மேற்கோளில் எழுதிய பட்டியல் நிரலின் ஒரு பகுதி. ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதில்லை. அதை மாற்றினால் என்ன நடக்கும் என்று தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை. மாற்றப்போகும் பட்டியலை எப்போதும் (லிஸ்ட் 0) என்று கட்டுங்கள்.

மறுபுறம், புதிதாகக் கட்டுவதற்கும் விலை உண்டு. மடக்கு ஒன்றில் ஒவ்வோர் உறுப்பையும் அபெண்ட் கொண்டு கடைசியில் சேர்த்தால், ஒவ்வொரு முறையும் அதுவரை உள்ள பட்டியல் முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. 10,000 உறுப்புகளுக்கு ஏறத்தாழ 5 கோடி செல்கள் நகலாகும். புஷ் கொண்டு முன்பக்கம் சேர்த்துக்கொண்டே வந்து, முடிவில் ஒரே ஒரு முறை என்ரிவர்ஸ் செய்தால் 10,000 செல்களோடு வேலை முடியும். இங்கே என்ரிவர்ஸ் பாதுகாப்பானது, ஏனெனில் அந்தப் பட்டியல் உங்கள் செயற்கூற்றுக்குள்ளேயே பிறந்தது. அதை வேறு யாரும் சுட்டிக்கொண்டிருக்கவில்லை.

நிரலைத் திருத்தி மீண்டும் ஏற்றியும் மாறியின் மதிப்பு மாறவில்லை என்றால் அதை டிஃப்வார் கொண்டு வரையறுத்திருக்கிறீர்கள். ஏற்கெனவே மதிப்புள்ள மாறியை டிஃப்வார் தொடாது. டிஃப்பாராமீட்டர் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கும்.

படி 6: மேக்ரோவுக்குள் எட்டிப் பாருங்கள்

மேக்ரோ, தனக்குத் தரப்படும் கோவைகளை மதிப்பிடாமல் பட்டியலாகவே பெற்று, புதிய பட்டியல் ஒன்றைக் கட்டித் தருகிறது. பிறகு அந்தப் பட்டியல்தான் இயங்குகிறது. இதைத் தொடங்குபவர்கள் எழுதிப் பார்க்கும் எளிய மேக்ரோ ஒன்று:

(டிஃப்மேக்ரோ இருமடி (க) `(* ,க ,க))

பின்மேற்கோள் பட்டியலை அப்படியே வைக்கிறது, காற்புள்ளி இட்ட இடத்தில் மட்டும் தரப்பட்ட கோவையைச் செருகுகிறது. (இருமடி 5) என்றால் 25. எண் என்ற மாறியின் மதிப்பு 2 ஆக இருக்கும்போது, அதை ஒன்று கூட்டி இருமடி ஆக்க (இருமடி (இன்க்எஃப் எண்)) என்று எழுதினால் 9 வரவேண்டும், வருவது 12. (மேக்ரோஎக்ஸ்பாண்ட்-1 '(இருமடி (இன்க்எஃப் எண்))) என்று கேட்டால் (* (இன்க்எஃப் எண்) (இன்க்எஃப் எண்)) என்று விரிந்து நிற்கும். கோவை இருமுறை செருகப்பட்டதால் இருமுறை இயங்கி, 3ஐயும் 4ஐயும் பெருக்கியிருக்கிறது. மேக்ரோவாகத்தான் இருக்கவேண்டுமென்றால் ஜென்சிம் கொண்டு புதுப் பெயர் ஒன்றை உருவாக்கி, கோவையின் மதிப்பை லெட்டில் ஒருமுறை கட்டிவிட்டுப் பெருக்கவேண்டும். ஆனால் தரப்பட்ட கோவையை மதிப்பிடாமல் நிறுத்திவைக்கும் தேவையே இந்த வேலையில் இல்லை. டிஃபன் கொண்டு இருமடியைச் செயற்கூறாக எழுதுங்கள். உறுப்பு ஒரே முறை மதிப்பிடப்பட்டு, 9 வரும்.